கேட்காதவர்கள் வாங்கிய பாட்டு

‘வெரி குட்’ என்றால் சுமார். ‘குட்’ என்றால் குப்பை. இதை நான் சொல்லவில்லை. பழைய இசைத்தட்டை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் கூடி வகுத்துக்கொண்ட இலக்கணம் இது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் இங்கிலீஷ் நோட்டில் அந்த இரண்டு சொற்களையும் நல்ல மனதோடு எழுதிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள் நான். அவற்றின் உண்மையான பொருளை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் கணவர். அவருக்கு இங்கிலீஷ் வராது என்பது வேறு விஷயம்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவருக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. தெருமுனையில் இருந்த பிரவுசிங் சென்டரில் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிப்பார். அப்படிப் போய்விட்டு வந்த ஒரு நாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றார். 

“இந்தா, கேளு. மைக் செட்டுக்காரன் கடையில குப்பை மாதிரிக் கெடக்குதுல்ல பழைய ரெக்கார்டு, அத அம்புட்டுப் பேரு ஏலத்துல அடிச்சுப் புடிச்சு வாங்குறான். கம்ப்யூட்டர்லயே விக்குறாங்க. வெளிநாட்டுலல்லாம் வாங்குறாங்க.”

“அந்தப் பாட்டை வெளிநாட்டுல யாரு கேட்கப்போறா?”

“கேக்குறதுக்கு இல்லடி. சேக்குறதுக்கு.”

அந்த ஒரு வரியில் அந்த வியாபாரம் முழுவதும் அடங்கிவிட்டது. அதன்பிறகு நான் தெரிந்துகொண்டதெல்லாம் அதற்கான உரைதான்.

பேகம்பூரில் ஒரு பாய் மைக் செட் வைத்திருந்தார். கோவில் திருவிழா, கல்யாணம், சந்தனக்கூடு என்று ஊரில் எது நடந்தாலும் அவர் கட்டிய குழாய்தான் பாடும். சி.டி. வந்தபிறகு அவருடைய இசைத்தட்டுகள் சாக்கில் ஏறி மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியிருந்தன. என் கணவர் போய்க் கேட்டதும், “எடுத்துட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும். உள்ள எலி குட்டி போடுது” என்றாராம் பாய். இரண்டு ஆட்டோ நிறைய வந்து இறங்கின. 

அன்றைக்குப் போனது என் வீடு. கட்டிலுக்கடியில் தட்டு, பீரோவுக்கு மேலே தட்டு, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் தட்டு. பூஞ்சை பிடித்த அட்டையின் நெடி குழம்பு கொதிக்கும்போதுகூட அடங்கவில்லை. பாத்திரம் விளக்குகிற சோப்பில் ஒவ்வொன்றையும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவி, என் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் ஸ்டாண்டில் வரிசையாகச் சொருகிக் காய வைப்பார். சாப்பாட்டுத் தட்டுகள் தரையில் கிடந்தன. தன் சட்டையைக் காயப்போட ஒரு நாளும் கொடிப்பக்கம் போகாத மனுஷர் அவர்.

இவ்வளவையும் வாங்கியவர் ஒரு பாட்டையாவது போட்டுக் கேட்டாரா என்றால், இல்லை. ஒரு பிளேயர் வாங்கி வைத்திருந்தார். அதற்கு முள் இல்லை. தட்டை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். அதுதான் பரிசோதனை. எக்ஸ்ரேயைப் பார்க்கிற டாக்டர் தோரணை. “மின்ட்” என்பார், புத்தம் புதுசு என்று அர்த்தம். கொஞ்சம் யோசித்து, “இல்ல, நியர் மின்ட் போடு” என்பார். நான் எழுத வேண்டும். போட்டோவுக்குக் கீழே நாலு வரி இங்கிலீஷ் இருந்தால்தான் அந்தச் சந்தையில் சரக்கு நகரும் என்பதால், இங்கிலீஷ் டீச்சர் பெண்டாட்டிக்கு முதன்முறையாக அவரிடம் ஒரு மதிப்பு வந்திருந்தது.

“ரேர்னு போடு.”

“இது எத்தனை பேர்கிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாததுனாலதான் ரேர்.”

வாங்கியவர்கள் பார்சல் கிடைத்ததும் நட்சத்திரம் போடுவார்கள். அதுதான் அங்கே மரியாதை. யாரோ ஒருவர் ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டார் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர், என் தம்பிக்கு விபத்தானபோது மூன்று வேளையும் சாப்பிட்டார். 

ஒரு முறை கோயம்புத்தூரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் நேரிலேயே வந்தார். நல்ல படிப்பு, நல்ல கார். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு தட்டின் விளிம்பை மட்டும் விரல்நுனியில் தாங்கிப் பிடித்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். நடுவில் இருக்கிற வட்டக் காகிதத்தின் நிறம், ஓரத்தில் பொறித்திருக்கிற எண், அட்டையின் முதுகுத் தையல் என்று அரைமணி நேரம் பேசினார். பாடியது யார், எப்படிப் பாடியிருக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் காபி கொண்டு வைத்தேன். தட்டுக்குப் பக்கத்தில் காபி வரக்கூடாது என்று பதறி எழுந்துவிட்டார். 

“பாட்டுன்னா ரொம்பப் பிடிக்குமோ உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“கேட்கிறதுக்கு சி.டி.யில வச்சிருக்கேன் மேடம். இதெல்லாம் பிளே பண்ணினா வேல்யூ போயிடும்” என்றார். 

பூட்டிவைத்த பெட்டியில் சோற்றை வைத்துவிட்டு, சாப்பிட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவனை நம் ஊரில் என்ன பேர் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். 

பாயின் சரக்கில் நல்லது தீர்ந்ததும் என் கணவர் ஊர் ஊராகத் தேடக் கிளம்பினார். ஒரு சனிக்கிழமை பழனிக்கு என்று என்னைக் கூட்டிப்போனார். சாமி கும்பிட என்றுதான் நினைத்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு நிறுத்தத்தில், “எறங்கு, செத்த நேரம் ஒரு சோலி இருக்கு” என்றார். சோலி என்றதுமே புரிந்துவிட்டது. 

ஒரு தோட்டத்து வீடு. வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. அவர் ஒரு பக்திப் பாட்டுக் கோஷ்டியில் டோலக் வாசித்தவர். அந்தக் கோஷ்டி எப்போதோ சொந்தக் காசில் நாலு முருகன் பாட்டைச் சின்னத் தட்டாகப் போட்டிருக்கிறது. அதில் ஒன்று இந்த வீட்டில் இருப்பதாக யாரோ இவர் காதில் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மா வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். 

“பொட்டி ரிப்பேராப் போச்சுங்க. அதுல இருந்து போட்டுக் கேக்கறதில்லீங்க. இது இன்னும் பாடுமுங்களா?” 

என் கணவர் வாசல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். நானும் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. 

“பாடாதும்மா. கீறல் விழுந்து போச்சு. மிஷின்ல போட்டா முள்ளுதான் ஒடையும். நான் சும்மா அட்டைக்காக எடுத்துக்கிறேன்” என்றார். 

“அப்படீங்களா?” என்று அந்த அம்மா ஒரு நிமிஷம் தட்டையே பார்த்தார். “அப்ப இருந்து என்ன பண்றதுங்க, எடுத்துக்குங்க.” பிறகு எங்கள் இருவருக்கும் மோர் கொடுத்தார். நான் டீச்சர் என்று தெரிந்ததும் என்னிடம் வீட்டு போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு பை நிறையத் தக்காளியும் கொடுத்தார். என் கணவர் அந்தத் தக்காளியையும் வாங்கிக்கொண்டார். 

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். “எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“வியாபாரம்னா அப்பிடித்தான்.”

“அது அவங்க புருஷன் வாசிச்சது.”

“அதான் அவங்களுக்குக் கேக்க பொட்டியே இல்லையே. வெங்காயத்துக்குப் பின்னால கெடந்து மக்கிப் போறதுக்கு, மதிப்புத் தெரிஞ்சவன்கிட்ட போறது நல்லதுல்ல? கலைக்குச் செய்யுற சேவை இது.” 

கலைக்குச் சேவை! ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் நியூஸுக்கு மாற்றுகிற ஆள். அன்றைக்குப் பழனிக்கும் போகவில்லை, எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டோம். வழியெல்லாம் தட்டை மடியில் வைத்திருந்தார். தக்காளிப்பை என் மடியில். 

அதற்கு வேண்டிய நாலு வரியை நான் எழுதித் தரமாட்டேன் என்றேன். நான் முன்பு எழுதிக்கொடுத்த வரிகளையே அங்கங்கே வெட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டார். ‘மிக மிக அபூர்வம், தென்னிந்திய நாட்டார் பக்தி’ என்கிற பொருளில் ஒரு தலைப்பு. ஏலம் முடிகிற நாளில் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு பிரவுசிங் சென்டரிலேயே இருந்தார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊர்க்காரர் எடுத்தார். அது போன விலையைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பவில்லை. பார்சல் சேர்ந்ததும் அந்த மனிதர் எல்லா நட்சத்திரத்தையும் அள்ளிப் போட்டு, ‘அழகான பொருள், இதுவரை முள் படாதது போலவே இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். அதைப் பிரிண்ட் எடுத்து வந்து என்னிடம் வாசிக்கச் சொன்னார் என் கணவர். மொழிபெயர்த்தும் சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டாவது முறையும் சொல்லச் சொன்னபோது எழுந்து போய்விட்டேன். 

சில மாதம் கழித்து ஒரு மாலை போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“டீச்சருங்களா? அன்னைக்கி ரெக்கார்டு வாங்கிட்டுப் போனீங்களே, அந்தத் தோட்டத்து வீட்டுலருந்து பேசறேனுங்க.” 

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபத்துக்கு மைக் செட் பேசப் போன இடத்தில், கீறல் விழுந்தாலும் தட்டு பாடும், கொண்டுவந்தால் போட்டுத் தருகிறேன் என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். 

“அப்பன் இல்லாம கட்டிக் குடுக்கறனுங்க. தாலி கட்டறதுக்கு முன்னாடி அவரு வாசிச்சத ஒருக்கா போடோணும்னு பொண்ணு ஆசப்படறா. கல்யாணம் முடிஞ்ச கையோட திருப்பிக் குடுத்துடறமுங்க. அட்டை உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க, தட்டு மட்டும் போதும்.”

அட்டை உங்களிடமே இருக்கட்டும். இந்த வரிதான் என்னைப் பிடித்து உலுக்கியது. அவர் சொன்ன பொய்யை அந்த அம்மா நம்பியதோடு நிற்காமல், அதற்கு மரியாதையும் கொடுத்துக்கொண்டிருந்தார். 

என் கணவரிடம் சொன்னேன். “எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிரு” என்றார், டி.வி.யிலிருந்து பார்வையை எடுக்காமல். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த சண்டையைக் கீழ் வீட்டுக்காரர்கள் வெகுநாள் ஞாபகம் வைத்திருந்தார்கள். 

அந்த ஐரோப்பாக்காரருக்கு நானே எழுதினேன். அத்தனை வருடம் படித்த இங்கிலீஷில் நான் எழுதிய உருப்படியான கடிதம் அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வாசித்தவரின் மகளுக்குக் கல்யாணம், தட்டைத் திருப்பிக் கேட்கவில்லை, பாட்டை மட்டும் பதிவு செய்து மெயிலில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தேன். 

பதில் உடனே வந்தது. என் கடிதம் அவர் மனதைத் தொட்டுவிட்டதாம். ஆனால் தட்டைக் காற்றுப் புகாத உறையில் போட்டு வைத்திருக்கிறாராம். அதை எடுத்து முள்ளில் வைப்பது அதற்குச் செய்யும் கொடுமையாம். வேண்டுமானால், என் நிலைமையை உத்தேசித்து, கொடுத்ததைப்போல் மூன்று மடங்கு வாங்கிக்கொண்டு தட்டையே தந்துவிடுகிறாராம். கடைசி வரியில் உங்கள் நாட்டு இசையை உயிராக நேசிக்கிறேன் என்று முடித்திருந்தார். எங்கள் நாட்டு இசை எப்படி இருக்கும் என்று அவருக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. 

சண்டைக்குப் பிறகு என் கணவரும் தேட ஆரம்பித்தார். பாவம் என்று இல்லை. நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன், சோறு தானாகத் தட்டுக்கு வரவில்லை. அதே சந்தையில் அந்தத் தட்டின் இன்னொரு பிரதி வேறொருவரிடம் ஏலத்துக்கு வந்திருந்தது. தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் போட்டிருந்த நாலு வரியை எழுத்துப் பிசகாமல் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார் அந்த வியாபாரி. இவர் கிளப்பிவிட்ட ‘மிக மிக அபூர்வம்’ இப்போது இவர் கழுத்தையே பிடித்தது. விலை ஏறிக்கொண்டே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏலம் கேட்டு எடுத்தார். 

பார்சல் வந்தது. அதே அட்டை, அதே முருகன் படம். இதற்காகவே வாங்கிய முள்ளைப் பிளேயரில் மாட்டி, என் வீட்டில் முதன்முதலாக ஒரு இசைத்தட்டு சுற்றியது. 

“விவசாயப் பெருமக்களே!” என்றது. 

உர விளம்பரம். நெல்லுக்கு எத்தனை மூட்டை, எப்போது போட வேண்டும் என்று கணீரென்ற குரலில் ஒருவர் பேசினார். பின்னணியில் மாட்டுச் சலங்கை. திருப்பிப் போட்டால் மறுபக்கம் கரும்புக்கு. 

“திருட்டுப் பய! உள்ள என்ன தட்டு இருக்குன்னு போட்டுப் பாக்காமலே வித்திருக்கான் பாரு!” என்று என் கணவர் குதித்தார். “இப்பிடியும் ஏமாத்துவாங்களா?” 

அந்தப் பேச்சாளர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டேன். நிதானமாக, தெளிவாகப் பேசினார். அந்த வீட்டில் அந்த ஒரு வருடத்தில் கேட்ட நாணயமான பேச்சு அதுதான். 

கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. பள்ளிக்கூடம் விட்டு ஆட்டோ பிடித்துப் பேகம்பூருக்குப் போனேன். மைக் செட் பாய் கடைக்குள் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். 

“வாங்க டீச்சர். சார் இன்னும் சாக்கு கேட்டு அனுப்பிச்சாரா? தீர்ந்துபோச்சே.” 

விஷயத்தைச் சொன்னேன். கோஷ்டியின் பேரைச் சொன்னதும், “அந்த டோலக்குப் பாட்டா?” என்றார். “தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவங்களுக்கு ரோட்டோரம் தண்ணிப் பந்தல் போடுவாங்கல்ல, அங்கல்லாம் இதத்தான் போடச் சொல்லுவாங்க. நாள் பூரா ஓட்டுனா அவங்க குடுத்த தட்டு தேஞ்சிரும்னு கேசட்டுல ஏத்தி வச்சிருந்தேன். இருங்க, செத்த நேரம் உக்காருங்க.” 

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கேசட்டுகள். ஒன்றை எடுத்து ஊதி, டேப்ரிக்கார்டரில் போட்டார். குழாய்க்கு முன்னால் டேப்பை வைத்துப் பதிவு செய்ததாம். கரகரவென்று இரைச்சல், நடுவில் கடைவாசலில் போன ஏதோ லாரியின் ஹாரன். எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து டோலக் துள்ளிக்கொண்டு வந்தது. கேட்டதும் பாயின் கால் தானாகத் தரையில் தட்டியது. 

“எவ்வளவு வேணும் பாய்?” 

“அட, கல்யாண வீட்டுக்குத்தான? கொண்டு போங்க. முடிஞ்சதும் குடுத்தாப் போதும். தைப்பூசம் வருது.” 

மறுநாளே பஸ் ஏறினேன். தோட்டத்து வீட்டில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. தட்டு எங்கே என்று அந்த அம்மா கேட்டார். வேறொருவருக்கு விற்றுவிட்டார் என்று சொன்னேன். கீறல் எதுவும் இல்லை என்பதையும் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். 

“அன்னைக்கே எனக்கு அப்படித்தானுங்க தோணுச்சு,” என்றார். “இருந்தாலும் படிச்சவிய சொல்றாங்களேன்னு வுட்டுட்டேன்.” 

பெண் தன் டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்தாள். கேசட்டைப் போட்டோம். முதல் பாட்டை அந்த அம்மா நின்றபடியே கேட்டார். இரண்டாவது பாட்டில் கையை உயர்த்தினார். 

“இப்பப் பாருங்க... இப்பப் பாருங்க...” 

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டோலக் ஒரு இடத்தில் லேசாகத் தடுக்கி, ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது மாதிரி இருந்தது. 

“வுட்டுட்டாரு பாத்தீங்களா! மெட்ராஸ்ல போயி, கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வெச்சவுடனே பயந்துட்டாருங்க. மறுக்கா வாசிக்கறதுக்கு இன்னொருக்காப் பணம் கட்டோணும்னு சொல்லிட்டாங்களாம். தட்டு வந்த நாள்ல இருந்து இந்த எடத்தச் சொல்லிச் சொல்லியே அவர ஓட்டுவனுங்க. கோவிச்சுட்டு வெளிய போயிருவாரு.” 

சொல்லிவிட்டுச் சிரித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பெண்ணும் சிரித்தாள். பிறகு, “அந்த எடத்துக்கு மறுக்காப் போடு, சாமி” என்றார். பெண் பின்னால் ஓட்டிப் போட்டாள். நாலைந்து முறை கேட்டோம். ஒவ்வொரு முறையும் அவர் வாசிப்பு தடுக்கியது, ஒவ்வொரு முறையும் இவர்கள் சிரித்தார்கள். ‘நியர் மின்ட்’ என்று என் கணவர் விற்றதில், எந்த டியூப்லைட்டிலும் தெரியாத இந்தத் தடுமாற்றமும் சேர்ந்துதான் போயிருக்கிறது. அதை வாங்கிப் பூட்டிவைத்தவருக்கு அது தெரியாது. 

கல்யாணத்துக்கு எங்கள் இருவருக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். என் கணவர் வரமாட்டார் என்று நினைத்தேன். மூஞ்சி இருக்காது என்பது என் கணக்கு. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். 

ஒட்டன்சத்திரத்தில் மண்டபம். மணமேடையில் பெண்ணை உட்கார வைத்ததும் நாதஸ்வரத்தைச் சற்று நிறுத்தச் சொல்லி, கேசட்டைப் போட்டார்கள். லாரி ஹாரன் உள்பட எல்லாம் குழாயில் கேட்டது. பந்திக்கு எழுந்த சிலர் உட்கார்ந்தார்கள். அந்தக் கோஷ்டியில் பாடியவர் ஒருவர், மிகவும் தளர்ந்துபோய், முன்வரிசையில் இருந்தார். இரண்டாவது பாட்டில் அந்த இடம் வந்தபோது அவரும் மேடையில் நின்ற அந்த அம்மாவும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். காலி. தேடினால், மண்டபத்தின் ஓரத்தில் மைக் செட் மேசைக்குப் பின்னால் என் கணவர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்பதால் அந்த ஆளின் காதருகே கத்திக்கொண்டிருந்தார். 

“பழைய ரெக்கார்டு எதுவும் கெடக்காப்பா ஒங்கிட்ட?”

நான் எழுந்து பந்திக்குப் போனேன். அரசாணிக்காய் போட்டு சாம்பார் வைத்திருந்தார்கள். நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.